கையில் பை இருந்தால் நடக்கலாம்

ஓய்வெடுத்தால் வலி குறையும் என்பது பெரும்பாலான உடம்புகளுக்குப் பொருந்துகிற விதி. என் முதுகு அந்த விதிக்குக் கட்டுப்பட்டதல்ல. படுத்தால் வலிக்கும், நடமாடினால் விடும். பின்னிரவில் இடுப்புக்குக் கீழே யாரோ சிமென்ட் ஊற்றிவிட்டுப் போனதுபோல விழிப்பு வரும். புரண்டு படுக்கக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விடிந்து எழுந்தபிறகும் குனிந்து செருப்பு மாட்டுகிற அளவுக்கு உடம்பு இளக ஒரு மணி நேரம், சில நாட்களில் இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

நோயின் பெயர் அங்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்குகிற வாத நோய்களில் ஒன்று. முதுகுத்தண்டின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேருகிற இடத்தில் அழற்சியாகத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் போனால் முள்ளெலும்புகளுக்கிடையே புது எலும்பு வளர்ந்து, தண்டு வளையாத கழியாகிவிடக்கூடும். பெரும்பாலும் இருபதுகளில், முப்பதுகளில் தலைகாட்டுவது. எச்எல்ஏ-பி27 என்ற மரபணுக் குறி பலருக்கு இருக்கும். ஆண்களுக்குத்தான் வரும் என்று மருத்துவர்களே வெகுகாலம் நம்பியிருந்ததால், பெண்களுக்குக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். எனக்கும் ஆயிற்று. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதால் வந்த வலி என்று அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு மாமி எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்பெழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற ஒருத்தியின் முதுகுவலிக்கு வேறு காரணம் கண்டுபிடிப்பது எளிதல்ல.

வாதநோய் நிபுணர் முதல் நாளே சொன்னது இது: மாத்திரை பாதி வேலை செய்யும், மீதியை நீங்கள்தான் செய்ய வேண்டும். உடற்பயிற்சியை அவர் மருந்துச் சீட்டிலேயே எழுதுவார், மாத்திரைக்குக் கீழே, அதே கிறுக்கல் எழுத்தில்.

2020 மார்ச் வரை அந்த மருந்தை நான் எப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பயிற்சி என்று பெயர் வைத்துச் செய்தது கொஞ்சம்தான். நங்கநல்லூர் வீட்டிலிருந்து பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடை. மின்சார ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நிற்பது. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கிப் பாரிமுனை வரை மறுபடி நடை. அலுவலகத்தில் லிஃப்ட் பழுது என்பதால் மாடிப்படி. சாயங்காலம் இதே வரிசை தலைகீழாக, முடிவில் மாநகராட்சிப் பூங்காவில் சில சுற்று. இதில் எதற்கும் நான் மன உறுதியைச் செலவழித்ததில்லை. வேலைக்குப் போகிறவள் நடந்தாக வேண்டும், அவ்வளவுதான். உடற்பயிற்சிப் பழக்கம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி நம்முடையதே இல்லை. ரயில் அட்டவணையும் தெருவும் சேர்ந்து நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன.

மார்ச் 24-ஆம் தேதி இரவு பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தபோது ரயில்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. உள்துறை அமைச்சகத்தின் விதிவிலக்குப் பட்டியலை நான் வரிவரியாகப் படித்தேன். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்குப் பட்டியலைக் கண்டால் விடாது. ரேஷன் கடை, மளிகை, காய்கறி, பால், இறைச்சி, வங்கி, பெட்ரோல் பங்க், மருத்துவமனை, மருந்துக்கடை எல்லாம் இருந்தன. நடை எங்கும் இல்லை. அந்த வாரத்தில்தான் இங்கிலாந்தில் நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சிக்காக வெளியே போகலாம் என்று அனுமதித்தார்கள். பிரான்சில் கையில் படிவத்தோடு, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம். ஸ்பெயினில் மே 2-ஆம் தேதி வரை பெரியவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆக, நம்முடையது மட்டும் கொடுமை என்று சொல்ல மாட்டேன். அந்த நாடுகளில் தருவதா, மறுப்பதா, எத்தனை தூரம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. என் மாத்திரை அத்தியாவசியப் பொருள். அதே சீட்டில் அடுத்த வரியில் இருந்த மருந்து, ஊர்சுற்றல்.

அதனால் பை வந்தது. துணிப்பை ஒன்றை மடிக்காமல், பார்வைக்குத் தெரிகிறபடி கையில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பை இல்லாமல் கைவீசி நடந்தால் முனையில் நிற்கிற போலீஸ்காரர் பார்வையிலேயே விசாரிப்பார். பக்கத்திலிருக்கிற கடையை விட்டுவிட்டு, மூன்று தெரு தள்ளியிருக்கிற கடையில் கொத்தமல்லி மட்டும் வாங்குவேன். மறுநாள் கறிவேப்பிலை. ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு வந்தபோது, வண்டியை எடுக்கக்கூடாது, இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற கடைக்கு நடந்தே போக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. தெருவே முணுமுணுத்தது. எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. என் மருத்துவரே அந்த உத்தரவை எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

"வீட்டு வேலை செய்கிறாயே, அதைவிட என்ன உடற்பயிற்சி வேண்டும்?" என்று கேட்டவர்கள் உண்டு. வேலைக்கு வருகிற அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிச் சம்பளத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. பெருக்கல், துடைத்தல், பாத்திரம், துணி, மூன்று வேளைச் சமையல், நடுவில் சாப்பாட்டு மேசையில் கணினி. இந்த வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள், எல்லாமே குனிகிற வேலை. நம் ஊர்த் துடைப்பத்தின் நீளம் இடுப்பை வளைக்கச் சொல்லும். தொட்டியடியில் தோள் முன்னால் விழும். கணினி முன் கழுத்து நீளும். இந்த நோய்க்காரர்களின் முதுகு தானாகவே முன்பக்கம் கூன்போடப் பார்க்கும், அதற்கு வேண்டிய பயிற்சியெல்லாம் பின்பக்கம் நிமிர்வதில் இருக்கிறது. நாள் முழுக்க வேலை செய்து உடம்பு அலுத்துப்போகும், முதுகுக்கு வேண்டியது ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. வீட்டு வேலையே உடற்பயிற்சி என்கிறவர்களில் துடைப்பத்தைக் கையில் பிடித்தவர் எத்தனை பேர் என்று ஒரு கணக்கெடுக்க ஆசை.

என் அம்மாவின் வலி வேறு ஜாதி. எழுபதைத் தாண்டியவள், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூட்டிலிருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அசைவின் அழுத்தத்தில்தான் மூட்டுத் திரவம் உள்ளே போய் வந்து அதற்கு ஊட்டம் சேரும். தொடையின் முன்பக்கத் தசை பலமாக இருந்தால் முழங்கால் சுமக்கிற பாரம் கொஞ்சம் குறையும். இதையெல்லாம் அம்மாவுக்கு யாரும் விளக்கியதில்லை, விளக்கியிருந்தால் கேட்டிருக்கவும் மாட்டாள். அவள் தினமும் காலையில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்ப் பிரதட்சிணம் வருவாள். நடைப்பயிற்சி என்று சொன்னால் கோபம் வரும். "நான் என்ன உடம்பு குறைக்கவா போகிறேன்?" என்பாள். மார்ச்சில் கோயில்கள் மூடின. மே மாதத்துக்குள் அவளுக்கு நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டியிருந்தது. ஹாலில் நடக்கலாம் வா என்றால், எதைச் சுற்றி நடப்பது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசியில் ஹாலின் நடுவே முக்காலியைப் போட்டு, அதன்மேல் அனுமார் படத்தை வைத்தோம். சுற்றத் தொடங்கிவிட்டாள். பிசியோதெரபிஸ்ட் யாராவது இதை ஒரு சிகிச்சை முறையாக எழுதி வைக்கலாம்.

மொட்டை மாடி இருந்ததே என்பீர்கள். இருந்தது. முதலில் குடியிருப்போர் சங்கம் அதைப் பூட்டியது, பிறகு வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை நடந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அரை மணி நேரம் என்று பிரித்தார்கள். எங்களுக்கு வந்தது காலை ஆறு மணி. என் உடம்பு இன்னும் இறுகிக் கிடக்கிற நேரம். மாலை நேரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு, காரணத்தையும் எழுதினேன். "காலைக் காற்றுதான் உடம்புக்கு நல்லது மேடம்" என்று செயலாளர் பதில் போட்டு, கைகூப்பும் பொம்மையும் வைத்தார். பிறகு மேல் வீட்டுப் பெண் தன் மாலை நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். சித்திரை வெயிலைக் குடித்த தளம் ஏழு மணிக்கும் செருப்பைத் தாண்டிச் சுடும். ஆனாலும் அந்தச் சூட்டில் நடக்கும்போது இடுப்பு இளகுவது தெளிவாகத் தெரியும்.

அதே மாதங்களில் நலமாக இருந்தவர்களுக்கு உடற்பயிற்சி மோகம் பிடித்தது. அலுவலக நண்பர்கள் தண்டால் சவால் விட்டுக்கொண்டார்கள், ஒரே வாரத்தில் சூரிய நமஸ்காரம் நூற்றெட்டை எட்டியது. வியர்வையோடு படம் போட்டார்கள். நல்லதுதான், வீட்டுக்குள் அடைந்த மனத்துக்கு ஏதாவது வேண்டும். எனக்கு மட்டும் அந்தப் பேச்சில் ஒட்டவில்லை. அவர்களுக்கு அது சாதனை, கூடிக்கொண்டே போக வேண்டும். தீராத வலியுள்ளவர்களுக்கு அது அளவு. குறைந்தால் இறுகும், கூடினால் மூன்று நாள் படுக்கை. வலி குறைந்த நாளில் ஆர்வத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் அதற்கு வட்டி கட்டுவது இந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் பழக்கமான கதை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு செய்வது என்பது பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பாடம். படம் எடுத்துப் போட முடியாத அளவுக்குச் சலிப்பான பாடம்.

மாத்திரைப் பக்கமும் அமைதியாக இல்லை. மார்ச் நடுவில் பிரான்சின் சுகாதார அமைச்சர், இபுபுரூபன் போன்ற அழற்சி தணிக்கும் மாத்திரைகள் கொரோனாவை மோசமாக்கக்கூடும் என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனம் சில நாட்களுக்குள் அப்படித் தவிர்க்கச் சொல்ல ஆதாரமில்லை என்றது. முதல் செய்தி எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தது, இரண்டாவது வரவில்லை. நான் தினமும் போடுவது அதே வகை மாத்திரை. நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். முடக்குவாதம் உள்ள அலுவலக அக்காவின் பாடு இன்னும் மோசம். அவர் ஆண்டுக்கணக்காகப் போட்டுவந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினைத்தான் கொரோனாவைத் தடுக்கும் என்று உலகமே துரத்தியது. சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பாகக் கொடுக்கலாம் என்று மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொல்ல, மற்றவர்களும் வாங்கிக் குவித்தார்கள். அவர் தாம்பரம் வரை ஆள் அனுப்பித் தேடி, ஒரு அட்டை வாங்கினார். ஜூனில் பிரிட்டனின் பெரிய ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று அறிவித்தபிறகுதான் மாத்திரை மெல்ல மெல்லத் தன் சொந்தக்காரர்களிடம் திரும்பியது.

தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு மார்ச் 25-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதனால் மருத்துவரைக் கைபேசியில் பார்க்க முடிந்தது. பார்ப்பதால் மட்டும் முதுகை எப்படி அளப்பது? அவர் ஒரு வழி சொன்னார். குதிகால், பிட்டம், தோள் மூன்றும் சுவரில் படும்படி நில்லுங்கள், முகவாயைத் தூக்காமல் பின்தலையைச் சுவரில் வையுங்கள். நோயில்லாதவருக்குத் தலை தானாகப் போய் ஒட்டும். என் தலை ஒட்டவில்லை. கணவர் மகனின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து இடைவெளியில் நுழைத்தார். ஸ்கேலின் முனையில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும் அல்லவா, அதைக் கழிக்க வேண்டுமா கூடாதா என்று அவருக்கும் மகனுக்கும் வாக்குவாதம். நான் சுவரோடு சுவராக நின்றபடி, மின்விசிறியில் படிந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடத்தை விட இடைவெளி கூடியிருந்தது. "உட்கார்ந்தே இருக்கிறீர்களா?" என்றார் மருத்துவர். அந்தச் சாப்பாட்டு மேசை அவருக்குத் திரையில் தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு நாளைத் துண்டு போட்டேன். குக்கர் விசில் வருகிற வரைக்கும் அடுப்படி வாசலில் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி நெஞ்சை முன்னால் தள்ளி நிற்பது. அலுவலகக் கூட்டங்களில் வாய் திறக்க வேண்டியிராத நேரம் முழுக்க நின்றபடி கேட்பது. சாயங்காலம் பாயில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்குவது. விலா எலும்புகள் முதுகோடு சேருகிற மூட்டுகளையும் இந்த நோய் விடாது என்பதால் மூச்சை ஆழமாக இழுத்து விடுகிற பயிற்சி. எதுவும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டபோது மகிழ்ச்சியாக இருந்தது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்பது நீண்டகால நோயுள்ளவர்களுக்கும் பொருந்தும் என்றது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. என் குக்கர் விசில்கள் கணக்கில் சேர்ந்தன.

வெளியே ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆகஸ்ட் 10-ஆம் தேதி உடற்பயிற்சிக் கூடங்கள். ஆகஸ்ட் 18-ஆம் தேதி சென்னையின் டாஸ்மாக் கடைகள். செப்டம்பர் 1-ஆம் தேதி பூங்காக்களும் கோயில்களும். மெரினா டிசம்பர் 14-ஆம் தேதி. இந்த வரிசைக்கு நான் விளக்கம் எதுவும் எழுதப்போவதில்லை.

2021 ஏப்ரலில் இரண்டாவது அலை. ஆக்சிஜன் அளவு இறங்கினால் குப்புறப் படுங்கள் என்று சுகாதார அமைச்சகம் படம் போட்டு விளக்கியது. நான் தினமும் முதுகு நிமிரச் செய்துகொண்டிருந்ததை ஊரே மூச்சுக்காகச் செய்தது. கோவையிலிருக்கிற தம்பிக்கு மே மாதம் தொற்று வந்து, இரண்டு வாரத்தில் பரிசோதனை சரியாகிவிட்டது, உடம்பு சரியாகவில்லை. ஒருநாள் தைரியமாகத் தெரு முனை வரை நடந்துவிட்டு வந்தால், மறுநாள் பல் தேய்க்கக் கை தூக்க முடியாது என்றான். உறவினர்கள் என்னைக் காட்டி அவனுக்குப் புத்தி சொன்னார்கள்: அக்காவைப் பார், அந்த முதுகை வைத்துக்கொண்டு எப்படி நடக்கிறாள். இதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. என் நோயில் அசைவு வலியை இறக்கும். அவனுக்கு வந்தது உழைப்புக்குப் பின் ஒரு நாள் கழித்துக் கவிழ்க்கிற சோர்வு. அங்கே தள்ளித் தள்ளி நடந்தால் விழுந்த குழி இன்னும் ஆழமாகும். நாட்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுகிற பழைய சிகிச்சையை, மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அந்த ஆண்டு அக்டோபரில் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. அதே அமைப்பு அதே ஆண்டு ஏப்ரலில், வேறு நோயால் விளக்க முடியாத தீராத வலிக்குப் பாராசிட்டமாலைத் தொடங்க வேண்டாம், உடற்பயிற்சியைக் கொடுங்கள் என்றது. இரண்டும் சரி. யாருக்கு எது என்று பார்க்காமல் "எழுந்து நட" என்பதும் "படுத்து ஓய்வெடு" என்பதும் ஒரே சோம்பேறித்தனம்தான். தம்பி தன் நாளைச் சின்னச் சின்னதாகச் செலவழிக்கக் கற்றுக்கொண்டு, அடுத்த பொங்கலுக்குத்தான் ஓரளவு எழுந்தான்.

இரண்டாவது அலைக்காக 2021 மே மாதம் வந்த ஊரடங்குக்கு முன்பே நான் மருத்துவரிடம் கேட்டு, நடைப்பயிற்சி இந்த நோயாளிக்குச் சிகிச்சையின் பகுதி என்று அவருடைய தாளில் எழுதி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொண்டேன். ஒருவரும் கேட்கவில்லை. பை போதுமானதாக இருந்தது.

ஜூன் 14-ஆம் தேதி தளர்வு அறிவிப்பில் முதன்முறையாக அந்தச் சொல்லைப் பார்த்தேன். பூங்காக்கள் காலை 6 மணி முதல் 9 மணி வரை, நடைப்பயிற்சிக்கு மட்டும். நடை பட்டியலில் ஏறிவிட்டது. நேரம்தான் நலமானவர்களுடைய நேரம். என் உடம்பு திறக்க எட்டு மணி தாண்டும். எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால், விறுவிறுப்பாக நடக்கிறவர்கள் எல்லோரும் முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருப்பார்கள். மிச்சமிருப்பது எங்களைப் போன்ற தாமதக்காரர்கள்: குச்சி ஊன்றிய பெரியவர் ஒருவர், பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுகிற அம்மாள் ஒருவர், அவரைப் பிடித்துக்கொண்டு மருமகள். ஒரு இளைஞர் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதற்குக் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பினார். அந்தத் திருப்பம் எனக்குத் தெரியும். முகக்கவசத்தோடு பக்கத்தில் போய், "உங்களுக்கும் பி27-ஆ?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு, எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டார். காவலாளி ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே விசில் ஊதத் தொடங்கினார். கேட்டை நோக்கி நடந்துகொண்டே, மாலை நேரமும் திறக்கச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுத்தால் என்ன என்றார் அந்த இளைஞர். கையெழுத்து வாங்குவதை நீங்கள் பாருங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றேன்.